படுத்திருக்க வேண்டிய பாட்டில்

உங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் யாருடைய முகம் நினைவுக்கு வருகிறது? பொய் சொல்லாதீர்கள். மகன் முகமா, மைத்துனர் முகமா? காலையில் பின்வாசல் வழியாக வந்து, நீங்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவி, நீங்கள் நடந்த தரையைத் துடைத்துவிட்டுப் போகிறாரே ஓர் அம்மா, அவர் முகம்தானே? சரி, இன்னும் எளிய கேள்வி ஒன்று. அவருடைய முழுப் பெயர் என்ன?

தெரியாது. அதனால் இந்தக் கதையை ஒரு முழுப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்புச்செல்வி. வயது நாற்பத்து நான்கு. ஊர் திருவண்ணாமலை மலையடியில் உள்ள அடி அண்ணாமலை. அப்பா கொத்தனார். ஊரில் பாதிப் பேர் பெண் பிறந்தால் உண்ணாமலை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், சாமி பெயர் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று இந்தப் பெயரை வைத்தவர். கணவர் அர்ஜுனன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் எழில் கல்லூரியில் படிக்கிறாள். அன்புச்செல்வி பதினோரு வருடமாக ஒரே வீட்டில் வேலை பார்த்தார். சமையல், துணி, தோட்டம், குரங்கு விரட்டுவது, வீட்டுக்காரர் வெளிநாடு போயிருக்கும் எட்டு மாதமும் வீட்டைக் கட்டிக் காப்பது, எல்லாம் அவர்தான்.

அந்த வீட்டுக்காரர் பெயர் ரமிரோ. ஸ்பெயின் தேசத்தவர். எழுபது தாண்டியவர். நவம்பரில் வந்து மார்ச்சில் போய்விடுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தாடி, கழுத்தில் உருத்திராட்சம். இந்த மூன்றும் இருந்தால் போதும், நம் ஊரில் யாரும் பிறகு கேள்வி கேட்பதில்லை. ஒரே மாதத்தில் அவர் 'ஸ்பெயின் சாமி' ஆகிவிட்டார். நம் ஊர்க்காரன் ஒருவன் இதே வேட்டியோடு இதே தாடியோடு மலையடியில் உட்கார்ந்தால் அவனைப் பிச்சைக்காரன் என்று சொல்லி எழுப்பிவிடுவார்கள்.

சாமிக்குத் தன் நாட்டில் ஒரு தோட்டம் இருக்கிறது. எப்ரோ என்ற ஆற்றங்கரையில் நூற்றைம்பது ஏக்கர் திராட்சை. அதன் ஸ்பானியப் பெயர் நம் வாயில் நுழையாது. செம்பாறைத் தோட்டம் என்று பொருளாம். பின்னால் ஒரு சிவந்த பாறை மலை. மாலை வெயிலில் அது தணல் போல் இருக்கும் என்பார். நம் மலையின் படத்தை எங்கோ பார்த்து, 'இது என் மலையின் அண்ணன்' என்று தோன்றி இங்கே வந்துவிட்டாராம். தோட்டத்தை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டார். துறவு வாழத் தேவையான பணம் மாதா மாதம் அங்கிருந்து வந்துவிடும்.

அந்தத் தோட்டத்தின் பெருமை அதன் சிவப்பு ஒயின். ரமிரோவின் தாத்தா பாறையைக் குடைந்து நிலவறை கட்டினார். ஒயின் அங்கே ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருடம் இருக்கும். பிறகு பாட்டிலில் அடைத்து, தக்கை போட்டு, மேலே சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, இன்னும் ஆறு வருடம் படுக்கப் போடுவார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஓர் எண். ஒவ்வொரு பாட்டில் மேலும் தாத்தாவின் கையெழுத்து அச்சு. ஒரு பாட்டிலின் விலை, அன்புச்செல்வி மூன்று மாதம் வேலை செய்தால் கிடைப்பது. அதைப் பற்றி அவர் எப்போதும் பேசியதில்லை. அவருக்குக் கேட்கத் தோன்றியது வேறு.

வரவேற்பறைச் சுவரில் தோட்டத்தின் பெரிய புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. முன்னால் கல் மாளிகை. பின்னால் செம்பாறை. நடுவே கொடி வரிசைகளில் குனிந்து நிற்கும் ஆட்கள், முதுகு மட்டும் தெரிகிறது. ஒருநாள் தூசி துடைக்கும்போது அன்புச்செல்வி கேட்டார்:

"இவங்கல்லாம் யாரு சாமி?"

"திராட்சை பறிக்கும் ஆள்," என்றார் ரமிரோ. பதினோரு வருடத்தில் அவர் கற்ற தமிழ் கடைக்குப் போய்வரப் போதும்.

"பேரு?"

ரமிரோ தோளைக் குலுக்கினார். "ஒவ்வொரு வருஷம் வேற வேற ஆள்."

"எங்க படுப்பாங்க?"

படத்தின் ஓரத்தில், சட்டத்துக்குள் பாதி மறைந்திருந்த ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்.

அன்புச்செல்வி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாட்லு பாறைக்குள்ள குளுகுளுன்னு தூங்குது. பறிச்சவன் தகரத்துக்கு அடியில வேவறான்," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் துடைக்கப் போனார். ரமிரோவுக்கு அது புரியவில்லை. அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி ஏழு வருடமாக, ஒவ்வொரு மார்ச்சிலும் ஊருக்குக் கிளம்பும்போது ரமிரோ தன் தோட்டத்துப் பாட்டில் ஒன்றை இங்கேயே விட்டுப் போவார். மலையடியில் ஒரு கோடை முழுவதும் தூங்கிய ஒயினில் மலையின் சக்தி இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. சக்தி இறங்குமோ இறங்காதோ, திருவண்ணாமலையின் சித்திரை வெயில் இறங்கும். ஆகவே பாட்டிலைக் காப்பாற்றும் பொறுப்பு அன்புச்செல்வியிடம் வந்தது. தரையில் படுத்துக் காட்டி, கண்ணை மூடிக் காட்டி, ரமிரோ பாடம் நடத்தினார்: பாட்டில் படுத்திருக்க வேண்டும், தக்கை எப்போதும் நனைந்திருக்க வேண்டும், இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும், ஆட்டக் கூடாது.

அன்புச்செல்வி மாடிப்படிக்கு அடியில் உள்ள சின்ன அறையில் ஒரு மண் தொட்டி வைத்தார். அதில் ஆற்று மணல். பாட்டிலின் காகிதம் நனையாமல் இருக்க எண்ணெய்க் கவர் நாலைந்தை வெட்டிச் சுற்றினார். மணலுக்குள் படுக்க வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். ஆறு கோடை, ஆறு பாட்டில். ஒன்றும் கெடவில்லை. டிசம்பரில் ரமிரோ திறந்து முகர்ந்துவிட்டு, "மலை! மலை!" என்பார். மலையல்ல, தண்ணீர் தெளித்த கை. அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இப்போது லெட்டர் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டவர் குடியிருக்கும் அந்தப் பகுதியில் வீட்டு வேலைக்குப் போக ஒரே ஒரு தாள்தான் வேண்டும். ஊரைவிட்டுப் போகும் வெள்ளைக்காரர் அடுத்த வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுக்கும் கடிதம். பெண்கள் அதை லேமினேஷன் போட்டுப் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். லெட்டர் நன்றாக இருந்தால் அடுத்த வீடு கிடைக்கும். 'இந்த வீட்டில் ஏதோ பிரச்சினையாம்' என்று ஒரு சொல் கசிந்தால் அங்கே உள்ள பதினெட்டு வெள்ளைக்காரர் வீட்டிலும் கதவு சாத்திவிடும். போன நவம்பரில் ரமிரோ வந்து இறங்கியதும், முழங்கால் முடியவில்லை, இதுதான் கடைசி வருகை, மார்ச் வரைகூட இருக்காமல் ஜனவரியிலேயே கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அன்புச்செல்விக்கு அடுத்த வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. இரண்டு தெரு தள்ளி கிளோதில் என்ற பிரெஞ்சு அம்மா, நல்ல தமிழ் பேசுபவர், "ரமிரோ லெட்டர் கொடுத்ததும் நீ என் வீட்டுக்கு வா" என்று சொல்லியிருந்தார். எழிலுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. எல்லாம் அந்த ஒரு தாளில் நின்றது.

அதற்கு ஏழு மாதம் முன்பே, ஏழாவது கோடையில், தணிகாசலம் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்திருந்தார்.

தணிகாசலம் வீட்டுச் சொந்தக்காரர். வேங்கிக்கால் பக்கம் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளை அடுத்த மேசைக்குத் தள்ளி ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் குடியிருக்கிறார், மாடியை ரமிரோவுக்கு விட்டிருக்கிறார். மலை சுற்றும் பாதைக்குப் போகும் வழியில் இருந்த சாராயக் கடையை எடுக்கச் சொல்லி மனு எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கியவர். கல் உடைப்பவனும் மூட்டை தூக்குபவனும் அங்கே குடித்தார்கள். புனித பூமி கெட்டுப் போகிறதாம். ரமிரோ மாடியில் குடிப்பதைப் பற்றி அவருக்கு வேறு கருத்து இருந்தது. அது திராட்சை ரசம். அவர்கள் கோயிலில் அதைத்தான் தீர்த்தமாகக் கொடுப்பார்களாம். கூலிக்காரன் தொண்டையில் இறங்கினால் சாராயம், வாடகை கொடுப்பவன் தொண்டையில் இறங்கினால் தீர்த்தம். வேதியியல் நூல் எதிலும் இல்லாத மாற்றம் இது.

தண்ணீர் தெளிக்க அன்புச்செல்வி அறையைத் திறந்திருந்தபோது, பழைய மின்விசிறி ஒன்றைத் தேடிவந்த தணிகாசலம் மண் தொட்டியைப் பார்த்தார். கையை விட்டார். பாட்டில் வந்தது.

"செல்வி! இன்னா இது?"

"சாமியோட பாட்லு சார். வெயிலுக்குக் கெட்டுடும்னு மணல்ல வெச்சிருக்கேன்."

"சாமி குடுத்தத மண்ணுல பொதச்சு வெச்சிருக்கியே, அது இன்னா பொணமா?"

"படுக்க வெச்சாதான் சார் நல்லா இருக்கும். தக்க காயக் கூடாதாம். சாமியே சொன்னாரு."

"அவரு வெளிநாட்டுக்காரரு, அவருக்கு நம்ம மொற இன்னா தெரியும்? கலசத்த யாராச்சும் படுக்க வெப்பாங்களா? ஊட்டுக்கு ஆவாது."

ஸ்பெயின் நாட்டு ஒயினை எப்படி வைப்பது என்று ஸ்பெயின்காரருக்குத் தெரியாது, தணிகாசலத்துக்குத் தெரியும். பாட்டில் கீழ்வீட்டுப் பூசையறைக்குப் போனது. மேற்குச் சுவர் அலமாரி. மாலை வெயில் நேராக அடிக்கும் சுவர். நிமிர்த்தி நிற்க வைத்து, கழுத்தில் மாவிலை கட்டி, பக்கத்தில் விளக்கு ஏற்றினார்கள். தணிகாசலத்தின் மனைவி வேதா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரக்கு மூடியைச் சுற்றிச் சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்தார். அக்னி நட்சத்திரம் வந்தது. வெளியே நூற்று எட்டு டிகிரி. பூசையறைக்குள் எத்தனை என்று யாரும் அளக்கவில்லை.

ஆடி மாதம், மூன்றாவது வெள்ளி. வேதா போட்ட சத்தத்தில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அன்புச்செல்வி ஓடிவந்தார். அரக்கின் விளிம்பில், சந்தனத்தின் நடுவே, சிவப்பாக ஒரு துளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரண்டு, கண்ணாடிமேல் வழிந்தது.

"அம்மா வந்துட்டா! ஆடி வெள்ளியில வந்துட்டா!" என்றார் வேதா.

அன்புச்செல்வி கிட்டப் போய் முகர்ந்தார். பத்து வயதிலிருந்து அடுப்படியில் நிற்கும் மூக்கு அது. "அம்மா, ஊறுகா பாட்லு பொங்கற மாதிரி பொங்கி வழியுதும்மா. சூடு தாங்கல. அரக்கு வெடிச்சிருக்கு. இப்பவே எறக்கி மணல்ல படுக்கப் போட்டா கொஞ்சமாச்சும் தேறும்."

"வாயக் கழுவுடி! தெய்வம் வந்து நிக்குது, ஊறுகாயாம்!"

தெருவே திரண்டது. லாட்ஜ் நடத்தும் அன்பரசன் ரோஜா மாலையோடு வந்து, செல்போனில் படம் பிடித்து, 'ரத்தம் கசியும் அதிசயக் கலசம்' என்று நாற்பது குழுக்களுக்கு அனுப்பினார். துளியைப் பஞ்சில் ஒற்றி எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். உடம்பு முடியாத குழந்தையின் நெற்றியில் ஒருத்தி தேய்த்துக்கொண்டு போனாள். அந்தத் தெருவில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அன்று அறையில் சொல்ல வேண்டிய ஒரே உண்மையைச் சொன்னவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அவரையும் துணி உலர்த்தப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் ரமிரோ இருபத்தொரு நாள் மௌன விரதம் தொடங்கினார். மௌனத்தின் பதினான்காம் நாள் மாலை அவருக்குப் பிரிவு விருந்து. தணிகாசலம், வேதா, அன்பரசன், கிளோதில் நால்வரும் விருந்தினர். பாட்டிலைப் பூசையறையிலிருந்து மாலையோடு தூக்கி வந்தார்கள். பாறை நிலவறையில் ஓடி விளையாடி வளர்ந்தவர் ரமிரோ. பாட்டில் விளக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததை நவம்பரிலேயே பார்த்தவர். அப்போதே அலறியிருக்க வேண்டும். கண் கலங்கிக் கும்பிட்டார். மூன்று தலைமுறை அறிவை உருத்திராட்சம் தின்றுவிட்டது.

அவரே தன் கையால், எல்லோர் கண்முன்னாலும், சின்னக் கத்தியால் அரக்கை வெட்டி எடுத்தார். திருகு வைத்துத் தக்கையை இழுத்தார். அது உதிர்ந்து உதிர்ந்து வந்தது. கோப்பைகளில் ஊற்றினார். வடைத் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற அன்புச்செல்விக்கு அங்கேயே வாடை அடித்தது.

தணிகாசலம் கோப்பையைத் தொடவில்லை. உள்ளங்கையில் வாங்கி, உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். "உள்ள எறங்கும்போதே சாந்தமா இருக்குது," என்றார் கண்ணை மூடி.

"அடேங்கப்பா! பழசோட ருசியே தனி சார். தேனு!" என்றார் அன்பரசன்.

ரமிரோ ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி வடைத் தட்டிலேயே துப்பினார். கிளோதில் முகர்ந்து பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "இது வினிகர்."



"நானும் சொல்லலாம்னுதான் நெனச்சேன்," என்றார் தணிகாசலம். "புளிப்பு ஜாஸ்தி."

"ஆமா சார். தொண்டையே எரியுது," என்றார் தேன் குடித்தவர்.

ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஒரு பொருள் கெட்டுவிட்டது. இனி என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"செல்வி, இங்க வா," என்றார் தணிகாசலம். "எங்கிட்ட வர்றதுக்கு முன்ன பாட்லு யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்ட சார்."

"அந்த ரூம்பு சாவி?"

"எங்கிட்டதான்."

"அவ்ளோதான். அப்பவே நல்ல சரக்க வித்துட்டு, வினிகர ஊத்தி, மண்ணுல பொதச்சு வெச்சிட்ட. இல்லாட்டி மண்ணுல பொதைக்க இன்னா அவசியம்?"

அன்புச்செல்வி தட்டைக் கீழே வைத்தார். ரமிரோ பக்கம் திரும்பினார். "சாமி, நீங்கதான படுக்க வெக்கச் சொன்னீங்க? இப்ப நீங்கதான அரக்க வெட்டினீங்க? அது வரைக்கும் யாரும் வெட்டலதான? ஒரு வார்த்த சொல்லுங்க சாமி."

சாமி மௌனத்தில் இருந்தார். ஒரு வார்த்தை. ஒரு பெண்ணின் பிழைப்புக்கு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இருபத்தொரு நாள் கணக்கு கெட்டுவிடும். கையிலிருந்த சின்ன நோட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி நீட்டினார். அன்பரசன் பரவசத்தோடு மொழிபெயர்த்தார்: "'இழந்த பொருளும் இல்லை, இழந்தவரும் இல்லை.' ஆகா! இன்னா ஒரு ஞானம்!"

"அப்ப எனக்கு லெட்டரு?" என்றார் அன்புச்செல்வி.

ரமிரோ கண்ணை மூடிக்கொண்டார். கிளோதில் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "பிறகு பார்க்கலாம்," என்றார். அந்தப் பகுதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். "நாளைக்கு உண்மைய ஒத்துக்க. இல்லன்னா ஸ்டேஷன்ல வெச்சுப் பேசிக்கலாம்," என்றார் தணிகாசலம்.

அத்தனைக்குப் பிறகும் பாத்திரத்தைக் கழுவிவிட்டுத்தான் அன்புச்செல்வி வீட்டுக்குப் போனார். வழக்கம்போலத் தக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். எண்ணெய்ப் பாட்டிலுக்கும் தேன் பாட்டிலுக்கும் அடைக்க அவர் வருடா வருடம் அந்தத் தக்கையைக் கொண்டுபோவார்.

அர்ஜுனன் வீட்டு வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் பயந்துபோனார். "கால்ல வுழுந்துடுமே. போலீசு கீலீசுன்னு போனா எனக்கும் வண்டி ஓடாது. கால்ல வுழுந்தா கொறஞ்சா பூடுவ?"

"கால்ல வுழுந்தா திருடினேன்னு ஆவும்யா."

"ஆவட்டுமே, ரெண்டு நாளுல மறந்துடுவாங்க."

"லெட்டரு மறக்காது."

அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. அன்புச்செல்வி அதன் தக்கையைப் பிடுங்கினார். அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக ஊறி, பருத்து, மெத்தென்று இருந்தது. இன்று கொண்டுவந்ததைப் பக்கத்தில் வைத்தார். காய்ந்து, சுருங்கி, விரல் பட்டால் உதிர்ந்தது. வீட்டில் இருந்த மற்ற பாட்டில்களையும் திறந்தார். ஆறு தக்கையும் ஒரே மாதிரி. ஏழாவது வேறு. எழில் படிப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "இன்னாம்மா பாக்கற?"

"படுத்தது ஆறு. நின்னது ஒண்ணு," என்றார் அன்புச்செல்வி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் முதலில் கிளோதில் வீட்டுக்குப் போனார். "அஞ்சே நிமிசம் வாங்கம்மா. அப்பறம் நீங்க வேலைக்கு வெச்சாலும் சரி, வெக்காட்டியும் சரி." அவரை அழைத்துக்கொண்டு ரமிரோ வீட்டு மாடிக்கு ஏறினார். தணிகாசலமும் வேதாவும் காவல்காரர்கள் மாதிரி ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ரமிரோ ஜன்னலோரம் மௌனமாக இருந்தார்.

அன்புச்செல்வி ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் வைத்தார். ஏழு தக்கை. "ஆறு கோட நான் படுக்க வெச்சேன். பாருங்க, அடி நனைஞ்சிருக்கு. இது ஒண்ணுதான் நிக்க வெச்சது. காஞ்சு கெடக்கு. சாமி, இத நீங்களே எடுத்துப் பாருங்க."

ரமிரோ எடுத்துப் பார்த்தார். பாறை நிலவறையில் வளர்ந்த விரல்கள் ஒரு கணம் எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொண்டன. தலை குனிந்தார். பேசவில்லை.

"தக்கையப் பத்தி எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார் தணிகாசலம். "முன்னாடியே தெறந்துட்டு அப்பறம் மூடியிருப்ப."

அன்புச்செல்வி அதற்காகத்தான் காத்திருந்தார். வேதா பக்கம் திரும்பினார். "அம்மா, ஆடி வெள்ளில அம்மன் வந்தாளே, அன்னைக்கு அரக்கு எப்பிடி இருந்துச்சு? யாராச்சும் தெறந்த மாதிரி இருந்துச்சா?"

வேதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு தெறப்பா? வெள்ளிக்கெழம தவறாம நானே சந்தனம் வெச்சு, நானே குங்குமம் வெப்பேன். கை வெக்க வுடுவனா? ஊரே வந்து பாத்துச்சு. மூடுன பாட்லுல இருந்து தானா வந்தா! அதானடி அதிசயம்!"

"அதுக்கு முன்னாடி, நான் மண்ணுல வெச்சிருந்தப்ப தெறந்து வினிகர் ஊத்தியிருந்தா?"

"அப்ப வந்தது அம்மன் இல்ல, நீ ஊத்துன வினிகருன்னு சொல்றியா?" வேதாவின் குரல் உயர்ந்தது.

"நான் சொல்லலம்மா. சார்தான் சொல்றாரு."

 வேதா மெல்லத் தன் கணவர் பக்கம் திரும்பினார். நாற்பது வருடக் குடும்பம் நடத்திய பெண் அப்படித் திரும்பினால் என்ன பொருள் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். அவர் முன்னால் இரண்டே வழி இருந்தது. அன்புச்செல்வி திருடினார் என்றால் ஆடி வெள்ளியன்று வீட்டுக்கு வந்தது வெறும் வினிகர். நாற்பது குழுவில் போன அதிசயம் பொய். குழந்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு போனவள் நாளை வந்து வாசலில் நிற்பாள். அதிசயம் உண்மை என்றால் பாட்டிலை யாரும் தொடவில்லை.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "அது வந்து... அம்மன் ரத்தத்த குடுத்துட்டா, அப்பறம் உள்ள இருக்கறது எப்பிடி பழைய மாதிரி இருக்கும்? சக்தி வெளிய வந்துடுச்சு. அதான் புளிச்சுப் போச்சு. செல்வி மேல தப்பு இல்ல."

இப்படித்தான் அன்புச்செல்வி விடுதலையானார். தக்கையைப் பார்த்து அல்ல, நியாயத்தைப் பார்த்தும் அல்ல. ஒரு குற்றச்சாட்டையும் ஒரு புளித்த அதிசயத்தையும் தராசில் வைத்தார்கள். அதிசயத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் தற்செயலாக இவரும் நின்றிருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை. மௌன விரதம் ரமிரோவுக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா?

காலிப் பாட்டில் இன்றும் கீழ்வீட்டுப் பூசையறையில் மாவிலையோடு நிற்கிறது. நிமிர்ந்துதான்.

ரமிரோ அப்போதே தாள் எடுத்து லெட்டர் எழுதினார். விரதத்தில் ஞானம் மட்டுமல்ல, லெட்டரும் எழுதலாம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்தது போலும். அன்புச்செல்வி அதைக் கிளோதில் கையில் கொடுத்து, "தமிழ்ல படிச்சுக் காட்டுங்கம்மா," என்றார்.

கிளோதில் படித்தார்: "செல்வி எளிமையான தூய ஆன்மா. எப்போதும் புன்னகைப்பாள். மலையின் குழந்தை."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"நான் சமைச்சது எங்க? பதினோரு வருசம் எங்க? அன்புச்செல்வி எங்க?" அவர் தாளை ரமிரோ முன்னால் திரும்ப வைத்தார். "சாமி, நான் சொல்றேன், எழுதுங்க. அம்மா, நீங்க இங்கிலீசுல சொல்லுங்க. பேரு அன்புச்செல்வி, அர்ஜுனன் சம்சாரம், அடி அண்ணாமல. பதினோரு வருசம். சமையலு, வீடு, தோட்டம். எட்டு மாசம் பூட்டுன வீட்டத் தனியா பாத்துக்கிட்டா. ஆறு கோடையில ஆறு பாட்லு கெடாம காப்பாத்தினா. ஏழாவது அவகிட்ட இருந்து புடுங்கினது. அரக்க வெட்டினது நான்தான். எழுதிட்டாரா? இப்ப கையெழுத்து. தேதி."

ரமிரோ எழுதினார். இரண்டு இடத்தில் பேனா நின்றது. நின்ற இடத்தில் அன்புச்செல்வி விரல் வைத்துக் காத்திருந்தார். கடைசியில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்து, "பாட்லு மேல இருக்கற உங்க தாத்தா கையெழுத்து மாதிரியே இருக்கு," என்றார். பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "ஊருக்குப் போனதும் அந்தக் கொட்டகைல இருக்கறவங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க சாமி. பேரு கேட்டு எழுதுங்க."

இப்போது அவர் கிளோதில் வீட்டில் வேலை பார்க்கிறார். லெட்டர் லேமினேஷன் போட்டுப் பீரோவில் இருக்கிறது.

செம்பாறைத் தோட்டத்தில் ரமிரோ என்ன செய்தார் என்று தெரியாது. நூற்றைம்பது ஏக்கர்க்காரர், மறதி இருக்கும். ஆனால் நீங்கள் இங்கேயே இருக்கிறீர்கள், கையில் பேனாவும் இருக்கிறது. ஒரு தாள் எடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர் வந்ததும் முழுப் பெயரைக் கேளுங்கள். எத்தனை வருடமாக வருகிறார், என்னென்ன தெரியும், எதையெல்லாம் நம்பி அவரிடம் விட்டுப் போனீர்கள் என்று எழுதுங்கள். 'நல்ல மாதிரி' என்று மட்டும் எழுதி ஏமாற்றாதீர்கள். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஏதாவது காணாமல் போவதற்கு முன்பே, இன்றைக்கே, அவர் கையில் கொடுங்கள்.